கல்லைப் பொறுத்தது கரை

கன்னியாகுமரிக்குப் போனவர்கள் அங்குள்ள வண்ண மணலைக் கையில் அள்ளிப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். தேவியின் கல்யாணம் நின்று போகவே, சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்பது பாட்டி சொல்லும் கதை. நிலநூல் அறிஞர்கள் சொல்லும் கதையும் சுவையில் அதற்கு இளைத்ததல்ல.

சிவப்பு மணல், கார்னெட். நவரத்தினங்களில் ஒன்றான கோமேதகமும் இந்த இனந்தான். கறுப்பு மணல், இல்மனைட். இரண்டும் பாறைகளுக்குள் பொதிந்திருந்தவை. 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பாறைகள்!

இத்தகைய பாறை அலைக்கு இலேசில் மசியாது. எங்கே வெடிப்பு இருக்கிறதோ அங்கேதான் கடல் நுழைகிறது. கட்டி கட்டியாகப் பெயர்க்கிறது. உறுதியான பகுதி மட்டும் நீர் நடுவே தனித்து நின்றுவிடுகிறது. 1892-ல் விவேகானந்தர் தியானம் செய்த பாறையையும், 2000-ல் 133 அடி வள்ளுவர் சிலை திறக்கப்பட்ட பாறையையும் நினைத்துப் பாருங்கள்.

இனி, மேற்குக் கரையோரமாகத் திருவனந்தபுரத்தையும் தாண்டி, வர்க்கலைக்குப் போவோம். அங்கே கரை கோட்டைச் சுவர்போல் நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் உறுதி அவ்வளவு இல்லை. மேலே, கேரளத்து வீடுகளுக்கு வெட்டி எடுப்பார்களே, அந்தச் செம்மண் கல். கீழே மணற்பாறையும் களிமண்ணும் அடுக்கடுக்காக.

மழை நீர், வடிகட்டியில் இறங்குவதுபோல் மேல் அடுக்குகளில் இறங்குகிறது. களிமண் அதற்கு வழி விடுவதில்லை. ஆகவே பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. பாபநாசம் கடற்கரையில் பக்தர்கள் புனிதமாகப் போற்றும் ஊற்று இப்படிப் பிறந்ததுதான்.

ஆனால் அந்த நீரே குன்றுக்கு எமனாகவும் இருக்கிறது. ஈரம் ஊறி மண் தளர்கிறது. தென்மேற்குப் பருவத்தில் பொங்கும் அலை அடிவாரத்தைக் குடைகிறது. மேல் பாகம் பாளம் பாளமாகச் சரிகிறது. சரிந்ததை அலை வாரிக்கொண்டு போக, சுவர் மறுபடியும் செங்குத்தாகிவிடுகிறது. நாம் கண்டு வியக்கும் அந்தச் செங்குத்து, கரை பின்வாங்கி வருவதன் அடையாளமே!

இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதை நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. ஆயினும் விளிம்பை ஒட்டி விடுதிகளும் கடைகளும் எழுந்திருக்கின்றன. அவை மண்ணில் விடும் ஒவ்வொரு குடம் நீரும் மழை நீரின் வேலையைத்தானே செய்யும்?

அடுத்த விடுமுறையில் குழந்தைகளோடு கடற்கரைக்குப் போனால், அலையை மட்டும் பார்க்காதீர்கள். கரை எந்தக் கல் என்றும் பாருங்கள். செங்குத்தான மண் கரையானால் விளிம்பை விட்டுத் தள்ளியே நில்லுங்கள். நிழலாக இருக்கிறதே என்று அதன் அடியில் குழந்தைகளை உட்கார வைத்துவிடாதீர்கள்.