பகைவனும் வழித்துணையானான்

1943ஆம் ஆண்டு டிசெம்பர் 20ஆம் நாள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஐந்தே நாட்கள் இருந்தன. இங்கிலாந்தின் கிம்போல்ட்டன் தளத்திலிருந்து எழுந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ஜேர்மனியின் பிறேமன் நகரிலிருந்த போர்விமானத் தொழிற்சாலையை நோக்கிச் சென்றன. அவற்றுள் ஒரு பி-17 விமானத்தைச் செலுத்தியவர் சார்லி பிரவுண் என்னும் 21 வயது இளைஞர். அவரும் தோழர்கள் ஒன்பது பேரும் ஒரு குழுவாகச் சென்ற முதலாவது தாக்குதல் அது.

நகரை நெருங்கியபோது தரையிலிருந்து வந்த பீரங்கிக் குண்டுகள் விமானத்தின் முகப்பைச் சிதைத்தன. நான்கு இயந்திரங்களில் ஒன்று நின்றது, இன்னொன்று ஒழுங்கிழந்தது. கூட்டத்தை விட்டுப் பின்தங்கிய விமானத்தைப் போர்விமானங்கள் சூழ்ந்து தாக்கின. வாலின் இடப்பக்கச் சிறகு பெரும்பாலும் அறுந்துபோயிற்று. பிராணவாயுக் குழாய்கள் உடைந்தன. கடுங்குளிரில் துப்பாக்கிகள் உறைந்தன. காயமுற்றோரின் வேதனையைத் தணிக்க வைத்திருந்த மோர்பினும் உறைந்தது. வாற்பகுதியில் காவலிருந்த வீரர் உயிரிழந்தார். காயமடைந்திருந்த பிரவுண் சுவாசிக்கக் காற்றின்றி மயங்கினார். விமானம் கீழ்நோக்கி விழுந்தது. காற்று அடர்ந்த தாழ்ந்த உயரத்தில் நினைவு திரும்பியபோது, அதை நிமிர்த்தி இங்கிலாந்தை நோக்கித் திருப்பினார்.

ஆனால் அவ்வழியில் ஒரு ஜேர்மனிய விமானத்தளம் இருந்தது. தன் விமானத்துக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டு அங்கு நின்ற பிரான்ட்ஸ் ஸ்டிக்லர் என்னும் விமானி, தாழப் பறந்த அந்தப் பகை விமானத்தைக் கண்டு துரத்தி எழுந்தார். 1940இல் தன் அண்ணனைப் போரில் இழந்தவர் அவர். இருபதுக்கு மேற்பட்ட விமானங்களை ஏற்கெனவே வீழ்த்தியவர். இன்னுமொன்றை வீழ்த்தினால் 'வீரச் சிலுவை' எனும் உயர்ந்த விருது கைக்கு எட்டும் நிலை.

பின்புறமாக நெருங்கியவர் துப்பாக்கி விசையில் விரலை வைத்துக் காத்திருந்தார். எதிர்த்துச் சுட எவருமில்லை. பக்கவாட்டில் சென்று பார்த்தார். உடைந்த சுவர்களின் ஊடாக, இரத்தம் தோய்ந்த இளைஞர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவர் விரலை எடுத்துவிட்டார். பரசூட்டில் இறங்குபவனைச் சுடலாகாது என்று அவருடைய தளபதி ஒருமுறை கண்டிப்பாகக் கூறியிருந்தார். இவர்களைச் சுடுவதும் அதற்கு ஒப்பானதே என்று தமக்குப் பட்டதாகப் பின்னாளில் விளக்கினார்.

எங்கேதி வனாந்தரத்துக் குகையில் தாவீதுக்கும் இத்தகைய நாழிகை ஒன்று வாய்த்தது (1 சாமுவேல் 24). மூவாயிரம் பேருடன் தன்னை வேட்டையாட வந்த சவுல் தனியாகக் கையில் அகப்பட்டான். இது கடவுளே தந்த தருணம் என்று உடனிருந்தவர்கள் தூண்டினார்கள். பழிவாங்குதல் பக்தியின் மொழியிலும் பேசத் தெரிந்தது! தாவீதோ சால்வையின் ஓரத்தை மட்டும் அறுத்தான். அதற்கும் அவன் மனம் அவனை வாதித்தது.

ஸ்டிக்லர் விட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. தரையிறங்கும்படியோ, சுவீடனுக்குப் போகும்படியோ சைகை காட்டினார், பிரவுணுக்கு விளங்கவில்லை. ஆகவே கரையோரப் பீரங்கிகள் சுடாதபடி, சேதமுற்ற விமானத்தின் அருகிலேயே இணைந்து பறந்தார். கடலை அடைந்ததும் வணக்கம் செலுத்தித் திரும்பினார். பிரவுண் வட கடலைக் கடந்து சீத்திங் தளத்தில் இறங்கினார்.

இச்சம்பவத்தைச் சொல்வோர் சிலர், வானதூதன் இறங்கி வந்தாற்போல வருணிப்பதுண்டு. நான் தயங்குகிறேன். இரு விமானிகளும் அதன் பின்னும் போரிட்டார்கள். ஒரு தாய்க்கு மகன் திரும்பவில்லை. குண்டுகள் விழுந்த நகரிலும் மனிதர் இருந்தார்கள். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் பகைவரை நேசிக்கச் சொன்னது (மத்தேயு 5:44) போர் ஓய்ந்த பின்னர் கைக்கொள்வதற்காக அன்று. கை விசையில் இருக்கும்போதே கேட்கவேண்டிய கட்டளை அது.

அந்த இரக்கத்துக்குப் பாராட்டும் கிடைக்கவில்லை. இராணுவ நீதிமன்றத்துக்கு அஞ்சி ஸ்டிக்லர் வாய் திறக்கவில்லை. இதை வெளியில் பேசவேண்டாமென பிரவுணுக்கும் மேலதிகாரிகள் கட்டளையிட்டனர்.

முதுமையில் பிரவுண் அந்த முகந்தெரியாத மனிதரைத் தேடத் தொடங்கினார். போர் விமானிகளின் செய்திமடலொன்றில் அவர் எழுதியதைக் கனடாவில் குடியேறியிருந்த ஸ்டிக்லர் கண்டு, அது தாமே எனப் பதில் எழுதினார். 1990இல் இருவரும் நேரில் சந்தித்துத் தழுவி அழுதார்கள். 2008இல், எட்டு மாத இடைவெளியில் இருவரும் மறையும்வரை அந்த உறவு நீடித்தது. ஸ்டிக்லர் பிரவுணுக்கு ஒரு புத்தகத்தைப் பரிசளித்தபோது அதன் உட்பக்கத்தில், 1940இல் தாம் பறிகொடுத்த ஒரே சகோதரனைக் குறிப்பிட்டு, அவனைப்போலவே தமக்கு அருமையானவர் பிரவுண் என எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்.