பறவை எண்ணிப் பொருள் திரட்டும் முறை

வேள் ஆய் எயினன் என்னும் குறுநில மன்னன் பறவைகளைப் பேணி வளர்த்தவன். பாழிப் பறந்தலையில் மிஞிலியோடு பொருது அவன் வீழ்ந்தபோது, வெயில் அவன் உடல்மேல் படாதபடி புள்ளினம் திரண்டு சிறகால் நிழல் செய்த செய்தியைப் பரணர் அகநானூற்றில் பாடியிருக்கிறார். தமிழாசிரியர் வகுப்பில் எடுத்துரைக்கும் செய்திதான் இது. ஆனால் பறவைகளை எண்ணியே அறப்பணிக்குப் பொருள் திரட்டும் வழக்கமொன்று மேலை நாடுகளில் தோன்றி வளர்ந்திருப்பதைப் பலர் அறியார்.

கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் உள்ள லாங் பாயின்ட் பறவை ஆய்வு நிலையம் 1976ஆம் ஆண்டில் இவ்வழக்கத்தைத் தொடங்கிற்று. ஒருவர் ஒரு முழுநாளில் எத்தனை வகைப் பறவைகளைக் காண்கிறாரோ, அத்தனைக்கும் வகைக்கு இவ்வளவு என்று அவருடைய நண்பரும் உறவினரும் முன்னதாகவே வாக்களிப்பர். வகைக்கு 10 சென் என்று ஒருவர் ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். 60 வகை கண்டால் அவர் தருவது 6 வெள்ளி. அவரைப்போல் ஐம்பதின்மர் சேர்ந்தால் 300 வெள்ளி. சிறுதொகை பெருகும் விதம் இதுவே. கொடுப்பவருக்கும் இதில் ஒரு சுவை உண்டு. எத்தனை வகை என்று அறியும் ஆவல், பணத்தைக் கொடுத்துவிட்டு மறந்துபோகும் இயல்பை மாற்றிவிடுகிறது.

சிறுதொகை சேர்த்துப் பெருஞ்செயல் முடிப்பது மலேசியத் தமிழருக்குப் புதிதன்று. துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று பாட்டாளிகளிடம் 10 வெள்ளித் தவணைகளாகப் பங்குத்தொகை திரட்டியதும், 1960இல் அமைந்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் மறு ஆண்டே கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியதும் வரலாறு. அது பங்கு, கொடுத்தவர் உடைமையாளர் ஆனார். இங்கே சொல்வது கொடை. ஆயினும் இரண்டிலும் நம்பிக்கையே முதல்.

பறவை எண்ணுவதோடு மிதிவண்டி சேர்ந்த கதை இன்னும் சுவையானது. ஓராண்டில் மிகப்பல வகைப் பறவைகளைக் காண வேண்டும் என்னும் வேட்கையால் வானூர்தியிலும் மகிழுந்திலும் நாடெங்கும் விரைபவர் வட அமெரிக்காவில் பலர். பறவையின்பால் அன்பு கொண்டவர், அதன் வாழ்வைக் கெடுக்கும் புகையைத் தாமே கக்கிச் செல்வது முரண் அல்லவா? இம்முரணை உணர்ந்தவன் மால்கம் பூத்ராய்டு என்னும் பதினைந்து வயதுக் கனடியச் சிறுவன். ஓராண்டுப் பள்ளிப் படிப்பை ஒத்திவைத்து, 2007ஆம் ஆண்டு சூன் திங்களில் தாய் தந்தையரோடு யூக்கோன் நிலப்பகுதியிலிருந்து மிதிவண்டியில் புறப்பட்டான். பசிபிக் கரையோரமாக இறங்கி, அரிசோனா, டெக்சசு வழியே புளோரிடாவை அடைந்தபோது 13,000 மைலுக்கு மேல் கடந்திருந்தனர். கண்ட பறவை 548 வகை. பறவைப் பாதுகாப்புக்குச் சேர்ந்த பொருள் 25,000 டாலருக்கு மேல். ஓராண்டு வகுப்பை விட்டது சரியா என்று ஆசிரியர் வினவலாம். அவ்வோராண்டில் அவன் படித்த நிலநூலையும் உயிர்நூலையும் எந்த வகுப்பும் கற்பித்திருக்க இயலாது.

பின்னர் 2014இல் டோரியன் ஆண்டர்சன் என்னும் அமெரிக்க அறிவியலாளர் ஆய்வுப் பணியை விடுத்து அதே போன்று தனியே சென்றார். 17,000 மைலுக்கு மேல் மிதித்து 600க்கும் மேற்பட்ட வகைகளைக் கண்டார். அவரும் பறவைப் பாதுகாப்புக்கே நிதி திரட்டினார்.

மிதிவண்டிக்கு இப்பணியில் இயல்பான தகுதி உண்டு. ஓசையில்லாமல் செல்வதால் காது வேலை செய்யும். அடர்ந்த மலைக்காட்டில் பறவையைக் கண்ணால் காண்பதற்கு முன் குரலால் அறிவதே மிகுதி. ஏற்றத்தில் வண்டி தானே மெதுவாகிவிடும்; அது நன்மையே.

நெகிரி செம்பிலானில் இதற்கென்றே அமைந்தது போன்ற ஒரு வழி உண்டு. செலுபு மாவட்டத்துக் கோலா கிளாவாங்கிலிருந்து புக்கிட் தங்காக் கணவாய் ஏறிச் சிரம்பானுக்கு இறங்கி, போர்ட் டிக்சன் கடந்து தஞ்சோங் துவான் முனையை அடைவது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கணவாயின் இருபுறமும் காடு; மரங்கொத்தி, குக்குறுவான், இருவாச்சி வாழும் இடம். தாழ்நிலத்தில் பால்மரமும் செம்பனையும். செம்பனைத் தோட்டத்தில் கூகையையும் எதிர்பார்க்கலாம். அது அலறினால் கேடு என்று பாட்டிமார் அஞ்சிய அதே கூகைக்குத்தான், எலியை ஒழிப்பதற்காகத் தோட்ட நிருவாகங்கள் மரப்பெட்டி வைத்துக் குடியேற்றின!

பயணத்தின் சிறப்பு முடிவில் இருக்கிறது. தெற்கே பனிக்காலத்தைக் கழித்த தேன்பருந்துகள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுமத்திராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வடக்கே திரும்புகின்றன. பெரும்பருந்துகள் நிலத்தின் வெப்பத்தால் எழும் காற்றில் ஏறி மிதந்து செல்பவை. கடல்மேல் அத்தகைய காற்று எழுவதில்லை. சிறகடித்தே கடக்க வேண்டும். ஆதலால் நீரிணை குறுகிய இடத்தை நாடுகின்றன. மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் இம்முனையில் பருந்து காணும் விழாவை நடத்தி வந்திருக்கிறது.

இதிலொரு இடர்ப்பாடு உண்டு. காட்டுப் பறவை விடியலில்தான் மிகுதியாகக் குரல் தரும். பருந்தோ வெயில் ஏறிய பின்னரே கரை சேரும். இரண்டையும் ஒரே நாளில் பெற விழைவோர் இருள் விலகும் முன்பே கோலா கிளாவாங்கை விட்டுப் புறப்பட்டு, விடியலில் கணவாயில் இருக்க வேண்டும். மாணவரோடு செல்வதாயின் சிரம்பானில் ஓரிரவு தங்குவதே முறை. மலைவளைவுகளில் சரக்கு வண்டிகள் விரையும் சாலையில் இருளில் சிறுவரைச் செலுத்துவது அறமாகாது.

பொருள் திரட்டுவோர் கவனிக்க வேண்டியவை சில. வீடு வீடாகவும் தெருவிலும் நிதி வசூலிப்பதற்கு இந்நாட்டில் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற வேண்டும். வழிச்செலவைத் தனியே ஏற்றுக்கொண்டு, கொடையை முழுதும் அறப்பணிக்கே சேர்த்தால் ஐயத்துக்கு இடமில்லை. குரல் மட்டும் கேட்ட பறவையைக் கணக்கில் சேர்ப்பதா என்பதைப் புறப்படும் முன்பே முடிவுசெய்து கொடையாளரிடம் கூறிவிட வேண்டும். குழுவில் இருவராவது ஒப்பாத பறவையை விட்டுவிடலாம். தேன்பருந்தின் நிறம் ஆளுக்காள் வேறுபட்டு, வேறு கழுகினத்தை ஒத்துத் தோன்றுவதால் கைதேர்ந்தவரும் தடுமாறுவர். வகைக்குப் பணம் என்று வந்துவிட்டால், ஐயத்துக்குரிய பறவையைச் சேர்க்கும் ஆசை மனத்தில் எழும். கூட்டை நெருங்குவதும், பதிவுசெய்த குரலை ஒலித்துப் பறவையை வெளியே இழுப்பதும் இவ்வாசையின் பிள்ளைகளே. முட்டையை அடைகாக்கும் தாயை விரட்டி ஈட்டிய 10 சென், பறவைக்குச் செய்த உதவியாக எப்படிக் கணக்காகும்?

தஞ்சோங் துவானில் கலங்கரை விளக்கம் நிற்கும் குன்றே பார்வைக்கு ஏற்ற இடம். முற்பகலின் பிற்பகுதியிலிருந்து கடலை நோக்கி நின்றால், முதலில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கரும்புள்ளி தோன்றும். அது சிறகடித்து அணுகிக் கரையைத் தொட்டதும், வெப்பக் காற்றைப் பிடித்து வட்டமிட்டு மேலே ஏறும். அப்போது எண்ணிவிட வேண்டும். சிறிது நேரத்தில் கண்ணுக்கு எட்டாத உயரம் போய்விடும்.