காருக்கு ஈடாகுமா மின் சைக்கிள்?

ஒருவர் தம் அலுவலகத்துக்குக் காரில் செல்கிறார். அவருடைய எடை 65 கிலோகிராம். அவரைச் சுமந்து செல்லும் காரின் எடையோ ஏறத்தாழ 1,000 கிலோகிராம். பெட்ரோல் தரும் சக்தியில் எஞ்சினிலேயே வெப்பமாக வீணாவது போக, மிஞ்சுவதிலும் பெரும் பகுதி காரை நகர்த்தவே செலவாகிறது. மனிதரை நகர்த்துவதற்குப் பயன்படுவது மிகச் சிறு பகுதியே. இந்த விசித்திரமான ஏற்பாட்டுக்கு ஒரு மாற்றாக உலகெங்கும் பேசப்பட்டு வரும் சாதனம் மின் சைக்கிள். அன்றாட வாழ்க்கையில் அது காரின் இடத்தைப் பெற இயலுமா? விளம்பரங்களை ஒதுக்கிவிட்டு, கணக்கையும் அனுபவத்தையும் துணைகொண்டு ஆராய்வோம்.

மின் சைக்கிளின் அமைப்பு

சைக்கிளில் மோட்டாரைப் பொருத்தும் எண்ணம் புதியதன்று. 1895ஆம் ஆண்டிலேயே ஆக்டன் போல்டன் என்னும் அமெரிக்கர், பின்சக்கரத்தின் குடத்தில் மின் மோட்டாரை அமைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் பாட்டரியின் பளு நெடுங்காலம் தடையாக நின்றது. 1993இல் ஜப்பானின் யமஹா நிறுவனம், மிதிப்பவருக்குத் துணைபுரியும் மின் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் லித்தியம் அயனி பாட்டரிகள் பரவியதும் இக்கருவி எடை குறைந்து, எளிதில் கையாளத் தக்கதாயிற்று.

இதன் இயக்கம் எளியது. மிதியின்மேல் கால் தரும் விசையை ஓர் உணர்கருவி அறிகிறது. அதற்கேற்ப மோட்டார் தன் பங்கைச் சேர்க்கிறது. மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் ஓய்கிறது. நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 0.25 கிலோவாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, எடை வரம்புக்கும் உட்பட்டிருந்தால், இத்தகைய சைக்கிள் மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. அதற்குப் பதிவு எண்ணும் வேண்டா, ஓட்டுநர் உரிமமும் வேண்டா. மின் ஸ்கூட்டரோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது.

இச்சிறு மோட்டார் என்ன செய்துவிடும் என்று ஐயுறலாம். 100 மீட்டர் தூரத்துக்கு 5 மீட்டர் உயரும் மேடு ஒன்றைக் கொள்வோம். ஆளும் சைக்கிளும் சுமையும் சேர்ந்து 100 கிலோகிராம் என்றால், அம்மேட்டில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு மட்டும் ஏறக்குறைய 200 வாட் திறன் தேவை. காற்றின் எதிர்ப்பும் சக்கரங்களின் உராய்வும் இன்னும் சுமார் 40 வாட் கேட்கும். சராசரி உடல் வலிமை உடையவர் தொடர்ந்து தரக்கூடியது 100 வாட் அளவே. தனித்து மிதித்தால் அவர் மணிக்கு 7 கிலோமீட்டருக்கும் குறைவாக, மூச்சு வாங்க ஊர்ந்து செல்ல நேரிடும். மோட்டார் 150 வாட் உதவினாலோ, சமவெளியில் செல்பவர்போல் மேட்டைக் கடந்துவிடுவார். சாதாரணச் சைக்கிளைக் கைவிடச் செய்த மூன்று காரணங்கள் மேடு, எதிர்க்காற்று, வியர்வை என்பன. இம்மூன்றையும் மோட்டார் பெரிதும் தணித்துவிடுகிறது.

சக்திக் கணக்கு

மின் சைக்கிள் ஒரு யூனிட் மின்சாரத்தில் சுமார் 100 கிலோமீட்டர் ஓடும். மின்சாரக் கார் அதே ஒரு யூனிட்டில் 6 அல்லது 7 கிலோமீட்டரே செல்லும். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய சக்தி ஏறத்தாழ 9 யூனிட்; அதைக் கொண்டு பெட்ரோல் கார் 15 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால், யூனிட் ஒன்றுக்கு 2 கிலோமீட்டருக்கும் குறைவே. நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுக்கையில் வெப்பத்தில் சுமார் மூன்றில் இரு பங்கு வீணாகிறது என்பதைச் சேர்த்துக்கொண்டாலும், மின் சைக்கிளின் சிக்கனத்துக்கு அருகில் கார் எதுவும் வர இயலாது.

ஆனால் வாகனத்தை மக்கள் சிக்கனத்தை மட்டும் கருதி வாங்குவதில்லை. மழை, வெயில், குழந்தைகள், மூட்டை முடிச்சுகள், நெடுந்தூரம் ஆகிய அனைத்துக்கும் ஒரே விடையாக இருப்பதாலேயே கார் விரும்பப்படுகிறது.

பிற நாடுகளின் அனுபவம்

ஜப்பானில் 2009 முதல், அதற்கென வலுவாக அமைக்கப்பட்ட சைக்கிளில் இரு சிறு குழந்தைகளை ஏற்றிச் செல்லச் சட்டம் இடமளிக்கிறது. அந்நாட்டு நகரங்களில் மின் சைக்கிளின் முன்னும் பின்னும் குழந்தைகளை அமர்த்திக்கொண்டு பள்ளிக்குச் செல்லும் தாய்மார்களைச் சாதாரணமாகக் காணலாம். ஜெர்மனியில் 2023இல் விற்ற புதிய சைக்கிள்களில் பாதிக்கு மேற்பட்டவை மின் சைக்கிள்களே.

அமெரிக்காவின் டென்வர் நகரம் 2022இல், மின் சைக்கிள் வாங்குவோருக்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. பயன் பெற்றவர்களைக் கேட்டறிந்ததில், அவர்கள் வாரத்துக்குச் சராசரியாக மூன்று கார்ப் பிரயாணங்களுக்குச் சற்று மேலாகக் கைவிட்டிருந்தனர் என்பது தெரியவந்தது. இங்கு ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் கைவிட்டதாகக் கணக்கிடப்பட்டவை பிரயாணங்கள், கார்கள் அல்ல. ஆகவே, மின் சைக்கிள் காருக்கு ஈடா என்று கேட்பதைவிட, காரின் எந்தப் பிரயாணத்துக்கு ஈடு என்று கேட்பதே பொருத்தம்.

கடைக்குச் செல்லுதல், பள்ளி, அலுவலகம், ரயில் நிலையம் என 10 கிலோமீட்டருக்கு உட்பட்ட பிரயாணங்களுக்கு அது பெரும்பாலும் ஈடாகும். நோயாளியை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், முதியவர்களுடன் வெளியூர் போகவும் ஈடாகாது. கொட்டும் மழையிலும், வட இந்தியக் கோடையின் 45 டிகிரி வெப்பத்திலும் மோட்டார் துணைபுரியுமே தவிர, குடை பிடிக்காது. எனினும், இரண்டு கார்கள் வைத்திருக்கும் குடும்பம் ஒன்றை விட்டுவிடுவதற்கும், முதல் கார் வாங்க எண்ணுபவர் அதைத் தள்ளிவைப்பதற்கும் மின் சைக்கிள் போதுமானது.

பாட்டரியைப் பற்றிய எச்சரிக்கையும் அவசியம். நியூயார்க் நகரில் 2023இல் லித்தியம் அயனி பாட்டரிகளால் நேர்ந்த தீவிபத்துகளில் 18 பேர் மாண்டனர். தரச் சான்று பெற்ற பாட்டரிகளையே விற்க வேண்டும் என அவ்வாண்டிலேயே அந்நகரம் சட்டம் செய்தது. பாட்டரிக்கு உரிய சார்ஜரையே உபயோகிக்க வேண்டும். வீட்டின் வாயிற்படியை மறித்து வைத்துச் சார்ஜ் செய்யலாகாது. அடிபட்டோ வீங்கியோ போன பாட்டரியை மீண்டும் உபயோகிக்கக் கூடாது.

நம் நாட்டின் நிலை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியக் குடும்பங்களில் கார் உடையவை நூற்றுக்கு 5க்கும் குறைவு; சைக்கிள் உடையவை ஏறத்தாழ 45. அதற்குப் பின் கார்கள் பெருகியுள்ளன என்பது உண்மையே. ஆயினும் நம்மவர்களில் பலருக்கு, காரை விடுவதா என்பதல்ல வினா. கார் வாங்கும் கட்டம் வரும்போது வேறு வழி உண்டா என்பதே வினா. டெல்லி அரசு 2022இல், மின் சைக்கிள் வாங்கும் முதல் 10,000 பேருக்குத் தலா ரூ. 5,500 உதவித்தொகை அறிவித்தது இவ்வகையில் குறிப்பிடத் தக்கது.

விலைச் சலுகை மட்டும் போதாது. 2022இல் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 74,897 பேர் மோட்டார் பொருத்திய இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். லாரிகளும் பஸ்களும் விரையும் சாலையில், 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மின் சைக்கிளுக்கு எத்தகைய பாதுகாப்பு உண்டு? தம் குழந்தையைப் பின்னால் அமர்த்திக்கொண்டு அச்சாலையில் இறங்கத் தயங்கும் தாயை அறியாமை உடையவர் என்று எவரும் கூற முடியாது. அவருடைய தயக்கத்தைப் போக்கும் திறன் மோட்டாருக்கு இல்லை, பாதைக்குத்தான் உண்டு.

சண்டிகர் நகரை வகுத்த லெ கொர்பூசியேயின் சாலைத் திட்டத்தில், சைக்கிள்களுக்கெனத் தனிப் பாதை வகை ஒன்று இடம்பெற்றது. சமதளமான அந்நகரில் அத்தகைய பாதைகள் இன்றும் விரிந்து வருகின்றன. ஆனால் பாதை, சாலைச் சந்திப்பில் வந்து அறுந்துபோகாமல் தொடர வேண்டும்; அதில் கார்களை நிறுத்தலாகாது; நிழல் தரும் மரங்கள் வேண்டும்; சென்றடையும் இடத்தில் சைக்கிளைப் பூட்டி வைக்கப் பத்திரமான இடமும் வேண்டும். ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுச் சைக்கிள்களேனும் நிற்கும் என்பதால், இதற்கு நிலம் இல்லை என்று சொல்வதற்கில்லை.

வாசகர்கள் ஒரு வார காலம் தங்கள் பிரயாணங்களை ஒரு தாளில் குறித்து வரலாம். எவ்வளவு தூரம், எத்தனை பேர், எவ்வளவு சுமை என்று எழுதிப் பார்த்தால், எத்தனை பிரயாணங்களுக்கு மின் சைக்கிள் போதும் என்பது தெளிவாகும். எஞ்சியவற்றுக்குப் பஸ்ஸும் ரயிலும் வாடகைக் காரும் உள்ளன. பிறகு அதே தாளில், எந்தச் சாலையில் செல்ல அஞ்சுகிறோம் என்பதையும் குறித்து நகராட்சிக்கு அனுப்புவது நலம். பொறியியலாளர் தம் வேலையைப் பெரும்பாலும் முடித்துவிட்டனர். இனி வேலை சாலை அமைப்போருடையது.