விறகடுப்பும் புகைபோக்கியும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் குடியானவர் வீடுகளில் பொதுவாக ஒரு குறை கேட்கப்படும். அடுப்பு எரியவில்லை, வீடெல்லாம் புகை என்பதே அது. பழி அடுப்பின்மேல் போடப்படுகிறது. உண்மையில் அக்குறைக்கு விதை ஊன்றப்பட்டது மாசி, பங்குனியிலேயாம். வெய்யில் காய்ந்த நாட்களில் வெட்டிப் பிளந்து அடுக்கியிருக்க வேண்டிய விறகு, மழைக்குப் பத்து நாள் முன்னதாகப் பச்சையாய் வண்டியிலிருந்து இறக்கப்பட்டிருக்கும்.

எரிவாயு உருளை இன்று மிகப் பல கிராம வீடுகளை எட்டிவிட்டது. ஆயினும் நெல் அவிப்பதற்கும், மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சுவதற்கும், வெந்நீர் வைப்பதற்கும், விசேஷ நாட்களில் பெரும் பாத்திரம் ஏற்றுவதற்கும் கொல்லைப்புறத்து விறகடுப்பு இருந்துகொண்டேயிருக்கிறது. ஆகவே அதைக் குறித்து விவசாயிகள் அறிய வேண்டியவை இன்னும் பல உள.

புதிதாக வெட்டிய மரத்தில் ஏறக்குறையப் பாதி எடை நீராகவே இருக்கும். பத்துக் கிலோ பச்சை விறகை அடுப்பில் வைப்பவர் ஐந்து கிலோ ஜலத்தையும் கூடவே வைக்கிறார். சாதாரண வெப்பத்திலுள்ள ஒரு கிலோ ஜலத்தை ஆவியாக்கச் சுமார் 610 கிலோ கலோரி உஷ்ணம் செலவாகும்; ஐந்து கிலோவுக்கு 3,050. மீதி ஐந்து கிலோ கட்டை தரக்கூடிய உஷ்ணம் சுமார் 22,500 கிலோ கலோரி. ஆக, ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான உஷ்ணம் பானைக்குப் போகாமல் நீராவியாய்ப் போய்விடுகிறது. இந்த நஷ்டம் ஒருவாறு பொறுக்கத்தக்கதே. இதனினும் பெரிய நஷ்டம் வேறொன்று உண்டு. உலர்ந்த மரத்தின் எடையில் முக்காற் பங்கு வரை, சூடேறியவுடன் ஆவிகளாகவே வெளிப்படுகிறது. இவ்வாவிகள் தீப்பற்றி எரிவதே ஜுவாலை. அடுப்பின் உள்வெப்பம் ஏறக்குறைய 600 டிகிரிக்குக் கீழ் இறங்கினால் அவை சரிவர எரியாமல் வெண்புகையாக வெளியேறுகின்றன. ஈர விறகு அடுப்பைக் குளிர்வித்துவிடுகிறபடியால், எரியவேண்டிய சரக்கே புகையாகி, கண்ணைக் கரித்துக்கொண்டு கூரைக்கு ஏறிவிடுகிறது. வெண்புகை மிகுந்து வரும் அடுப்பில் விறகின் விலை வீணாகிறதென்றே கொள்ளலாம்.

விறகை மாசி முதல் சித்திரைக்குள் வெட்டி, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் இரு கட்டைகள் போட்டு அவற்றின்மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்க வேண்டும். மேலே கூரை போதும். பக்கங்களை மூடலாகாது, காற்று ஊடுருவ வேண்டும். உருண்டைக் கட்டையாகவே போட்டு வைத்தால் பட்டை ஈரத்தைத் தடுத்து நிறுத்திவிடும். இவ்வாறு காய்ந்த விறகில் ஈரம் நூற்றுக்கு 15 முதல் 20 வரை குறைந்துவிடும். காய்ந்ததா என்று அறிவதற்கு இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கலாம். கணீரென்று ஒலித்தால் நன்று, மந்தமாக ஒலித்தால் இன்னும் பொறுக்க வேண்டும். சந்தேகமுள்ளவர்கள் ஒரே துண்டை வாரந்தோறும் தராசில் நிறுத்து வரட்டும்; எடை குறைவது நிற்கும் நாளே விறகு காய்ந்த நாள். கருவேலம், சவுக்கு, புளி, சீமைக் கருவேலம் ஆகியவை நின்றெரிந்து நல்ல தணல் தருவன. தென்னை மட்டையும் பாளையும் பற்றவைக்க உதவும். நெடுநேரச் சமையலுக்கு அவற்றை நம்பலாகாது. அரளிக் குச்சியை அடுப்பில் வைக்கவே கூடாது. அதன் புகையிலும் நஞ்சுண்டு.

எரித்து முடிந்ததும் கொள்ளியை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பாடுபட்டுக் காயவைத்த விறகை மறுபடி நனைக்கும் வேலை இது! கொள்ளியின் முனையை உலர்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்தால் காற்றின்றித் தானே அணைந்துவிடும்.

விறகு கிடைக்காத ஊர்களில் வறட்டி எரிகிறது. இந்திய விவசாயத்தை ஆராய 1889-ஆம் ஆண்டு அனுப்பப்பட்ட ரசாயன நிபுணர் வோல்க்கர், 1893-இல் வெளியான தமது அறிக்கையில், குடியானவன் சாணத்தை எரிப்பது அறியாமையாலன்று, விறகுப் பஞ்சத்தாலேயே என்று எடுத்துக்காட்டி, ஊர்தோறும் விறகுக்கும் தீவனத்துக்கும் காடு வளர்க்கப் பரிந்துரைத்தார். சாணம் எரியும்போது அதிலுள்ள தழைச்சத்து காற்றோடு போய்விடுகிறது. மண்ணை வளப்படுத்தும் மக்கும் பொருளும் அழிகிறது. எஞ்சுவது சாம்பற் சத்து முதலான சிலவே. வரப்பிலும் வேலியோரத்திலும் சவுக்கோ வேலமோ வளர்த்துக்கொள்ளும் மிராசுதாருக்கு அடுப்புக்கு விறகும், வயலுக்கு எருவும் ஒருங்கே மிஞ்சும்.

இனி அடுப்பு. சாதாரண மண்ணடுப்பில் விறகின் உஷ்ணத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கே பாத்திரத்தைச் சேருகிறது. குமிழ்கள் மிக உயரமாயிருந்தால் ஜுவாலை பக்கவாட்டில் நழுவிவிடும். அறவே இல்லாவிட்டால் காற்றோட்டம் தடைப்பட்டுப் புகை வாய்வழியே திரும்பும். பாத்திரத்துக்கும் அடுப்பு விளிம்புக்கும் இடையே அரை முதல் முக்கால் அங்குல இடைவெளி பொருத்தமானது. விறகைத் தரையோடு கிடத்தாமல் இரண்டு இரும்புக் கம்பிகளின்மேல் வைத்தால் அடியிலிருந்து காற்றுக் கிடைத்து, ஊதுகுழலுக்கு வேலை குறையும். வாயை அடைக்கும்படி விறகைத் திணிப்பது தவறு. இரண்டு மூன்று துண்டுகளின் முனைகள் மட்டும் எரியுமாறு சிறுகச் சிறுக உள்ளே தள்ளுவதே முறை. ஜலம் கொதித்தபின் எத்தனை விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அது 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. கொதி வந்தவுடன் மூடியிட்டு, ஒரு கொள்ளியை வெளியே இழுத்துவிடும் வீட்டில் அரிசியும் வேகும், விறகும் மிஞ்சும்.

புகைபோக்கியுள்ள அடுப்பு நம் நாட்டுக்குப் புதிதன்று. வார்தாவில் 1947-இல் மகன் அடுப்பு உருவாயிற்று, ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு அமைத்த புகையில்லா அடுப்பைப் பற்றிய நூல் 1953-இல் வெளியாயிற்று. மத்திய அரசின் மேம்பட்ட அடுப்புத் திட்டம் 1983 முதல் 2002 வரை நடந்தது. அதன்படி கட்டிய அடுப்புகளில் மிகப் பல நெடுநாள் நிலைக்கவில்லை. வீட்டுப் பாத்திரங்களுக்குத் துவாரம் பொருந்தாமையும், குழாயைத் துடைக்க யாரும் கற்பிக்காமையுமே பெருங் காரணங்கள். புகைபோக்கி வைத்தால் மட்டும் விறகு மிச்சமாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இழுப்பு மிகுந்தால் உஷ்ணமும் புகையோடு குழாயில் ஏறிப்போகும். இதற்காகக் குழாயின் அடியில் ஓர் அடைப்புத் தகடு செருகி, பற்றவைக்கும்போது முழுதும் திறந்து, நன்கு எரியத் தொடங்கியபின் பாதி மூடலாம். தணல் இருக்கும்வரை முழுதும் மூடலாகாது.

குழாயைக் கூரைக்கு மேல் மூன்றடியாவது உயர்த்த வேண்டும். அருகே உயர்ந்த சுவரோ மேடோ இருந்தால் அதற்கும் மேலாகச் செல்ல வேண்டும். ஓட்டு வீட்டில் இது எளிது. கீற்றுக் கூரையின் ஊடே குழாயைச் செலுத்துவது பேரபாயம். அங்கே சுவரைத் துளைத்து வெளியே கொண்டுபோய், இறவாரத்தை விட்டு நன்கு விலகி மேலெழுப்புவதே தக்கது. குளிர்ந்த குழாயில் எரியாத புகை தார் போல் படிந்து கெட்டிப்படும். ஒரு நாள் பெருந்தீ மூட்டும்போது இப்படிவே பற்றிக்கொண்டு, குழாய் இரைச்சலிட்டுக் கனலும். அப்போது குழாயில் தண்ணீர் ஊற்றினால் அது வெடித்துப் பிளக்கக்கூடும். அடுப்பு வாயை நனைத்த சாக்கினால் அடைத்துக் காற்றைத் தடுத்து, வீட்டாரை வெளியேற்றி, 101 என்ற எண்ணுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மாதம் ஒரு முறை, குளிர்ந்த குழாயில் தேங்காய் நார் உருண்டையைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுத்தால் இந்நிலை வாராது.

புகையைத் தொல்லை என்று மட்டும் எண்ணியிருந்த காலம் போயிற்று. வீட்டுக்குள் எரிபொருட் புகையால் 2020-இல் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்பின் முன் குனிந்திருக்கும் பெண்களும், அவர்கள் இடுப்பிலுள்ள குழந்தைகளுமே இப்புகையை அதிகம் சுவாசிக்கிறவர்கள். அடுப்பு வைக்கும் இடத்தைத் தீர்மானிப்பவரோ பெரும்பாலும் சமைப்பவர் அல்லர். புது வீடு கட்டுவோர் சமையலறைக்கு எதிரெதிரே இரண்டு சாளரங்களும், கூரையோரம் ஒரு புகைத் துவாரமும் வைக்கத் தச்சரிடமும் கொத்தனாரிடமும் சொல்லும் முன், வீட்டுப் பெண்களைக் கேட்பது நலம்.

புகை கண்ணுக்குத் தெரிகிறது. தணலின் நஞ்சு தெரிவதில்லை. நன்கு கனன்ற கரி புகையாது. ஆதலால் அபாயமில்லையென்று எண்ணி, நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ப் பிரதேசங்களிலும், சமவெளியில் பிரசவ அறைகளிலும் தணற்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். காற்றுக் குறைந்த தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, உறங்குபவர் எழாமலே போகக்கூடும். தணற்சட்டியோடு ஒருபோதும் உறங்கலாகாது. அறை சூடேறியதும் சட்டியை வெளியே எடுத்துவிட வேண்டும். மூடிய அறையில் ஒருவர் மயங்கிக் கிடந்தால் முதலில் கதவையும் சாளரங்களையும் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

அடுப்புக்கு மேலுள்ள பரணில் விறகையும் ஓலையையும் காயவைப்பது, அணைந்த தணலின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவது, நைலான், பாலியெஸ்டர் புடவையோடு அடுப்படியில் நிற்பது ஆகியவை விலக்கத்தக்கவை. தீப்புண் பட்டால் இருபது நிமிஷம் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். மையும் மாவும் பூசலாகாது.

கடைசியாகச் சாம்பல். மேலே ஆறிப்போன சாம்பலின் அடியில் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடிருக்கும். காலையில் வாரிய சாம்பலைக் குப்பைக் குழியில் கொட்ட, மாலையில் மேல்காற்று அதைக் கிளப்ப, பக்கத்திலிருக்கும் வைக்கோற்போர் பற்றிக்கொள்ள, ஓராண்டுத் தீவனம் ஒரு நாழிகையில் போகும். சாம்பலை மூடியுள்ள இரும்புத் தகரத்தில் இரண்டு நாள் வைத்து, தண்ணீர் தெளித்துக் கிளறிய பிறகே வெளியே கொண்டுபோக வேண்டும். வைக்கோற்போர் அடுப்படிக்கும் குப்பைக் குழிக்கும் காற்றின் போக்கில் இராதவாறு கிராம அதிகாரிகள் கோடைக்கு முன்பே சுற்றிப் பார்த்துச் சொல்லலாம். ஆறிய சாம்பலைப் புளிப்பு மண்ணுள்ள தோட்டங்களுக்கும், வாழை, தென்னைப் பாத்திகளுக்கும் இடலாம். களர் நிலத்துக்கு ஆகாது. அம்மோனியம் சல்பேட்டுடன் கலந்து வைத்தால் தழைச்சத்து ஆவியாய்ப் போய்விடுமாதலால் இரண்டையும் ஒன்றாக இடாமல், சில வாரங்கள் இடைவிட்டு இட வேண்டும்.