ஒரே வயல்தான், ஒரே மண்ணா?

(வானொலி வேளாண் உரை)

நட்டு ஒரு மாதம் ஆன வயலை வரப்பில் நின்று பார்த்திருப்பீர்கள். வாமடைப் பக்கம் பயிர் கரும்பச்சையாக நிற்கும். நடுவில் மேடான இடம் வெளிறிக் கிடக்கும். விதை ஒன்று, தண்ணீர் ஒன்று, போட்ட உரமும் ஒன்றுதான். "இந்த இடத்துல மட்டும் பயிர் ஏற மாட்டேங்குதே!" என்று இன்னும் அரை மூட்டை யூரியாவை வயல் முழுக்க வீசுகிறோம். வெளிறிய இடம் கொஞ்சம் பச்சை கட்டலாம். ஆனால் ஏற்கெனவே செழித்து நின்ற இடம் கொழுத்துப் போய்ப் புகையானை வரவழைக்கும். கதிர் முற்றும் சமயத்தில் சாய்ந்தும் போகும்.

காரணம் என்ன? வயல் ஒன்றாக இருந்தாலும் மண் ஒன்றாக இருப்பதில்லை. என்றோ நிலத்தைச் சமன் செய்தபோது மேட்டின் மேல்மண்ணை வழித்துப் பள்ளத்தில் கொட்டியிருப்போம். மேட்டில் இப்போது இருப்பது சத்துக் குறைந்த அடிமண். பழைய எருக்குழி இருந்த இடத்தில் சத்து மிஞ்சிக் கிடக்கும். வடிகால் இல்லாத மூலையில் உப்புப் பூத்திருக்கும். இத்தனைக்கும் சேர்த்து ஒரே அளவாக உரம் போட்டால், ஓரிடத்தில் பற்றாக்குறை, இன்னோரிடத்தில் விரயம்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் பெரிய பண்ணைகளில் செயற்கைக்கோள் உதவியோடு ஓடும் டிராக்டர்கள், போகிற போக்கிலேயே இடத்துக்குத் தக்கபடி உரத்தைக் கூட்டியும் குறைத்தும் போடுகின்றன. "அதெல்லாம் நமக்கு எட்டுமா?" என்று கேட்பீர்கள். இயந்திரம் வேண்டாம். கையால் உரம் வீசுகிற நாம், எந்த இடத்துக்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் அதே வேலையைச் செய்துவிடலாம். அதற்கு மண் மாதிரியைப் பாகம் பாகமாக எடுக்க வேண்டும்.

முதலில் வயலைச் சுற்றி வந்து ஒரு தாளில் படம் போடுங்கள். மேடு, பள்ளம், மண்ணின் நிறம், போன போகத்தில் பயிர் நின்ற விதம் இவற்றைப் பார்த்து இரண்டு மூன்று பாகமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பாகமும் எத்தனை சென்ட் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அறுவடை முடிந்து, அடுத்த போகத்துக்கு எரு, உரம் போடுமுன் மாதிரி எடுக்கலாம். உரம் போட்டு மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வரப்பு ஓரம், மரத்தடி, வாய்க்கால் அருகு, எருக் குவித்த இடம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பாகத்திலும் வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களில் மேலே கிடக்கும் சருகை விலக்கி, ஆங்கில 'வி' எழுத்துப் போலக் குழி வெட்டுங்கள். நெல், கடலை, கேழ்வரகுக்கு 15 செ.மீ., அதாவது அரை அடி ஆழம். பருத்தி, கரும்புக்கு 22.5 செ.மீ., அதாவது முக்கால் அடி. குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ் வரை ஓர் அங்குலக் கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள். துத்தநாகம், இரும்பு போன்ற நுண்ணூட்டங்களையும் சோதிப்பதானால் மண்வெட்டி பட்ட மண்ணை மரக்குச்சியால் தள்ளிவிட்டு, உள்மண்ணை எடுத்துப் பிளாஸ்டிக் வாளியில் போடுங்கள்.

ஒரு பாகத்து மண்ணை மட்டும் நன்றாகக் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படிச் செய்து, நிழலில் உலர்த்திச் சுத்தமான பையில் கட்டுங்கள். பழைய உரச்சாக்கு ஆகவே ஆகாது. பெயர், சர்வே எண், எந்தப் பாகம், போடப்போகும் பயிர் எல்லாம் எழுதி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். ஒரு பாகத்து மண்ணை இன்னொன்றோடு கலந்துவிட்டால் பாடுபட்டதெல்லாம் வீண்.

முடிவு வந்ததும் கணக்கு எளிது. சத்து 'மத்திமம்' என்றால் சிபாரிசு அளவு. 'குறைவு' என்றால் கால் பங்கு கூடுதல். 'அதிகம்' என்றால் கால் பங்கு குறைவு. இது பொதுவான முறை. நிலையத்தில் பயிருக்கென்று தனி அளவு எழுதிக் கொடுத்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு ஏக்கருக்கு மணிச்சத்து 20 கிலோ சிபாரிசு என்று வையுங்கள். சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 சதவீதம். ஆகவே 125 கிலோ சூப்பர் வேண்டும். வயலில் மேடு 60 சென்ட், அங்கே மணிச்சத்து குறைவு. பள்ளம் 40 சென்ட், அங்கே அதிகம். ஒரே சீராக வீசினால் மேட்டுக்கு 75 கிலோ விழும், தேவையோ 94. பள்ளத்துக்கு 50 கிலோ விழும். தேவையோ 38 கிலோதான். பிரித்துப் போட்டால் மொத்தச் செலவு 7 கிலோ கூடத்தான் செய்கிறது. ஆனால் மேட்டுப் பயிரின் பசி தீரும். பள்ளத்தில் 12 கிலோ வீணாகாது. உரத்தைக் குறைப்பது மட்டும் சிக்கனமல்ல. தேவையான இடத்தில் போடுவதுதான் சிக்கனம்.

"எங்கிட்ட மண்வள அட்டை இருக்கே!" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015-ஆம் ஆண்டில் அந்தத் திட்டம் தொடங்கியபோது, பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு, அதாவது ஆறு ஏக்கருக்குச் சற்று மேல், ஒரு மாதிரி என்றும், மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்றும் எடுத்தார்கள். ஆகவே உங்கள் அட்டையில் உள்ள எண், பக்கத்து வயல் மண்ணில் கிடைத்ததாகவும் இருக்கலாம். அட்டையைத் தள்ள வேண்டாம். அந்த மண் எங்கே எடுத்தது என்று பாருங்கள். உங்கள் வயலில் இல்லையென்றால் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

வருகிற அறுவடை முடிந்ததும் ஒரே ஒரு வயலில் செய்து பாருங்கள். படத்தைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த போகத்தில் மேட்டு நெல்லையும் பள்ளத்து நெல்லையும் தனித்தனியே தூற்றி அளந்தால், செய்தது சரியா என்பதை மரக்காலே சொல்லிவிடும்.