பின்சீட்டைக் காணோம்!

டென்மார்க்கின் விபோர்க் நகரத்தில் மஞ்சள் நம்பர் பிளேட்டோடு ஒரு சுசுகி ஜிம்னி வந்தால், டாக்சி என்று நினைத்துக் கை காட்டிவிடாதீர்கள். அந்த ஊரில் மஞ்சள், சரக்கு வேனின் அடையாளம். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் டிரைவருக்கு ஒரு சீட், பக்கத்தில் இன்னொன்று. அவ்வளவுதான். பின்னால் வெறும் தட்டு.

சீட்டைப் பிடுங்கியதில் வரிக்கும் பங்கு உண்டு. டென்மார்க்கில் புதுக் காருக்கான பதிவு வரியின் உச்ச விகிதம் 2015 வரை 180 சதவீதம், பிறகு 150. பல வண்டிகளுக்கு விலையைவிட வரி அதிகம் என்ற நிலை இருந்தது. சரக்கு வண்டிக்கோ வரி குறைவு. அதனால் எஸ்.யூ.வி.யில் பின்சீட்டைக் கழற்றிவிட்டு வேன் என்று பதிவது அங்கே பழைய வழக்கம். சின்னக் கார்கள் அந்த நாட்டில் நன்றாக விற்றதற்கும் இந்த வரி ஒரு காரணம்.

விதிகளுக்காகச் சீட்டை இழப்பது ஜிம்னிக்குப் புதிதல்ல. அது பிறந்தபோதே ஒரு சீட் போயிற்று. போருக்குப் பின் ஜப்பான் 'கெய்' என்று ஒரு குட்டிக் கார் வகையை உண்டாக்கியது. 1970இல் அதன் வரம்பு நீளம் 3 மீட்டர், அகலம் 1.3 மீட்டர், இன்ஜின் 360 சி.சி.; இதற்குள் அடங்கினால் வரிச்சலுகை. 'ஹோப்' என்ற சின்ன நிறுவனத்தின் ஜீப் வடிவமைப்பை சுசுகி வாங்கி, 1970இல் முதல் ஜிம்னியை விற்றது. ஸ்டெப்னியைப் பின்னால் தொங்கவிட்டால் 3 மீட்டரைத் தாண்டிவிடும். அதை வண்டிக்குள் தூக்கி வைத்தார்கள். நாலாவது ஆள் உட்கார வேண்டிய இடத்தில் டயர் உட்கார்ந்தது!

25 குதிரைசக்தி மட்டும் கொண்ட அந்த வண்டி மலையேறியதில் மாயம் இல்லை. எடை 600 கிலோகூட இல்லை. நான்கு சக்கரத்துக்கும் விசை போகும். கூடவே 'லோ' கியர்: சக்கரம் மெதுவாகச் சுற்றும், சுற்றும் விசை பெருகும். சைக்கிளில் மேடேறும்போது பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றுகிறோமே, அதே கணக்கு. நம் ராணுவமும் போலீசும் ஓட்டிய மாருதி ஜிப்சி இதே குடும்பத்து வண்டி, 1985இல் வந்தது.

மற்றவர்கள் வேறு வழியில் போனார்கள். 1994இல் டொயோட்டா ராவ்4, லாரி மாதிரி தனிச் சட்டகம் இல்லாமல், காரைப் போல ஒரே கூடாக வந்தது. இன்று தெருவை நிறைத்திருக்கும் சிறிய எஸ்.யூ.வி.க்கள் பெரும்பாலும் அந்த வழி வந்தவை. ஜிம்னியோ பிடிவாதமாகச் சட்டகத்தையும் பெட்டி உருவத்தையும் விடவில்லை. காற்றைக் கிழிக்காமல் முட்டித் தள்ளும் உருவம். எரிபொருளும் புகையும் கூடத்தானே செய்யும்? ஐரோப்பாவின் 2020 இலக்கு, கார்களுக்குச் சராசரியாகக் கிலோமீட்டருக்கு 95 கிராம் கார்பன் டை ஆக்சைடு. வேன்களுக்கு 147. அங்கே காராக விற்ற ஜிம்னி வெளியேறி, 2021இல் வேனாகத் திரும்பியது, பின்சீட் இல்லாமல்.

இந்தியாவில் சிறிய காருக்கு வரிச்சலுகை தரும் கோடு 4 மீட்டர். 2023இல் வந்த ஐந்து கதவு ஜிம்னியின் நீளம் 3.985 மீட்டர். ஆனால் பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.க்குள் இருக்க வேண்டும் என்பதும் விதி. இதில் இருப்பது 1,462. நீளத்தை 4 மீட்டருக்குள் அடக்கியும் சலுகை கிடைக்கவில்லை, எனக்குப் புரியாத கணக்கு.

அந்த வண்டி 2025இல் குருகிராமிலிருந்து ஜப்பானுக்கே விற்பனைக்குப் போனது. நான்கு நாளில் சுமார் 50,000 பேர் பதிந்ததும், முன்பதிவை நிறுத்திவைத்தார்கள். கெய் கார்களுக்கு ஜப்பானிலும் மஞ்சள் பிளேட்தான். கெய் அளவைத் தாண்டிய இதற்கு வெள்ளை. பின்சீட் இருக்கிறது.