மூச்சை எண்ணத் தெரியுமா?

நிமோனியா ஜுரத்தால் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்த உங்கள் மாமியார் திருப்பத்தூருக்கு வீடு திரும்பியிருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆம்பூரிலிருந்து பெரியம்மா, வாணியம்பாடியிலிருந்து சம்பந்தி என்று ஆரஞ்சுப் பழமும் கையுமாக எல்லோரும் பார்க்க வருவார்கள். அவர்களில் ஒருவருக்கு லேசான ஜலதோஷம். "ஒன்றுமில்லை, தண்ணீர் மாறியது" என்பார். அந்த ஒன்றுமில்லைதான் இங்கே விஷயம்!

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது திருப்பத்தூர் மாவட்டம் நாலு மாதக் குழந்தை. தோல் பதனிடும் ஆலைகளும், பெண்கள் பஸ் பஸ்ஸாகப் போய் வேலை செய்யும் ஷூ கம்பெனிகளும் கதவைச் சாத்தின. 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவசர நிலையை முடித்துக் கொண்டது. கிருமியோ விடைபெறவில்லை. திடகாத்திரமானவருக்கு இப்போது அது பெரும்பாலும் சில நாள் உபத்திரவம். நிமோனியாவில் அடிபட்ட நுரையீரலுக்கு அப்படியல்ல.

நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உண்டு. பிராணவாயு ரத்தத்தில் கலப்பது அங்கேதான். நிமோனியாவில் அவற்றில் நீரும் சீழும் தேங்கிவிடுகின்றன. ஜுரம் விட்ட பிறகும் அவை தெளிய வாரக்கணக்காகும்; வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். அதற்குள் கொரோனா புகுந்தால் மிச்சமிருக்கும் நல்ல அறைகளும் கெடலாம். கையிருப்பு தீர்ந்த மாதக் கடைசியில் இன்னொரு கல்யாணச் செலவு வந்தது போலத்தான். ஆஸ்துமாக்காரர்களுக்கும், ஆலைத் தூசில் வருஷக்கணக்காக மூச்சு விட்டவர்களுக்கும் கையிருப்பு முதலிலேயே குறைவாக இருக்கலாம்.

ஆகையால் ஜலதோஷக்காரருக்குத் திண்ணையில் நாற்காலி போட்டுக் காபி கொடுங்கள். மாமியாரோடு டெலிபோனில் பேசட்டும். சம்பந்தி கோபித்துக் கொண்டால் கொள்ளட்டும்!

தடுப்பூசியால் என்ன பிரயோஜனம் என்கிறீர்களா? பதில் பக்கத்து வேலூரிலேயே இருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஊழியர்களில் 8,991 பேர் 2021 ஜனவரி 21 முதல் ஏப்ரல் 30 வரை ஊசி போட்டுக் கொண்டார்கள். இரண்டாவது அலையில் கணக்கெடுத்தார்கள். இரண்டு ஊசியும் போட்டவர்களிடம் தொற்று 65 சதவிகிதம் குறைந்திருந்தது. பிராணவாயு தேவைப்படுவது 92 சதவிகிதம் குறைந்திருந்தது. கிருமியை அது முழுக்கத் தடுக்கவில்லை, நுரையீரலைக் காத்தது. ஊசியின் பலம் நாளடைவில் குறையும் என்பதால் மறுபடி போட வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். அலமாரியில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையை மட்டும் எடுத்துக் கொடுக்காதீர்கள். அது கொரோனாவைக் கொல்லாது.

இந்த வியாதியில் ஒரு வஞ்சகமும் உண்டு. சிலருக்கு ரத்தத்தில் பிராணவாயு இறங்கிக் கொண்டே போகும். மூச்சுத் திணறலோ தெரியாது. "காபியில் சர்க்கரை போதவில்லை" என்று குறை சொல்லிக் கொண்டிருப்பார். முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு மாட்டுங்கள். விரல் ஜில்லென்றிருந்தால் முதலில் சூடேற்றுங்கள். இல்லாவிட்டால் கணக்கு தவறும்.

கருவி இல்லையா? கடிகாரம் இருக்கிறதே! ஒரு நிமிஷம் முழுவதும் மார்பு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 24-ஐ எட்டினால் டாக்டரிடம் போக வேண்டும். 30-ஐத் தாண்டினால் வண்டி பிடித்து நேரே ஆஸ்பத்திரிதான். எண்ணப் போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள். சொன்னால் மூச்சு தன் போக்கை மாற்றிக் கொள்ளும். நாடி பார்ப்பது போல் மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டு மார்பைப் பார்த்து எண்ணுவது நர்ஸுகளின் தந்திரம்.